யார் கீறிய கோடு?

(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பாதிரிமார் தொடங்கிய பாடசாலையொன்றிற் படித்து, இப்பொழுது பல்கலைக்கழகத்திற் சித்திரம் பயின்று வரும் எம்மை இம்மேடையில் ஏற்றிப் பேசப் பணித்தது உங்கள் பெருந்தன்மை. எமக்குத் தரப்பட்ட பொருள், கலைக் கல்லூரி அநுமதிக்கு உயர்தர வகுப்பு மாணவர் தமது சித்திரக் கோவையை ஆயத்தம் செய்யும் முறை என்பதாகும். தலைப்பு நீளமானது, நாம் சொல்ல வந்த செய்தியோ சிறியது. கோவையில் இருக்கும் ஒவ்வொரு கோடும் அந்த மாணவரின் கை கீறிய கோடாக இருத்தல் வேண்டும். அவ்வளவே. இதை நாம் நூலிற் படித்து அறியவில்லை. பிழை செய்து அறிந்தோம். அந்தப் பிழையைச் சபையறியச் சொல்லிவிட்டு மற்றவற்றைச் சொல்வதே முறை.

முதலிற் கோவை என்பது யாதென்று பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்திற் போட்போலியோ என்பர். ஒரு மாணவர் இரண்டு மூன்று ஆண்டுகளாக வரைந்தவற்றுட் தேர்ந்தெடுத்து ஒழுங்காக அடுக்கிய மட்டைக் கட்டே சித்திரக் கோவை. உயர்தரச் சோதனையின் பெறுபேறு மாத்திரம் சித்திரக் கல்விக்குப் போதாது. மருதனார்மடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் நடத்தும் சித்திரமும் வடிவமைப்பும் என்னும் பட்டப்படிப்பாகட்டும், மட்டக்களப்புக் கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமாகட்டும், கொழும்பில் 2005ஆம் ஆண்டிற் தனிப் பல்கலைக்கழகமாகிய கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகமாகட்டும், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் படிப்பாகட்டும், பெறுபேற்றுடன் உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. கடல் கடந்து இந்தியாவுக்கோ மேனாடுகளுக்கோ போக விரும்புவோரிடம் பெரும்பாலும் கோவையையே கேட்பர். சில இடங்களிற் கோவையைப் பார்ப்பர். சில இடங்களில் முன்னே ஒரு பொருளை வைத்து வரையச் சொல்வர். இரண்டையும் கேட்கும் இடங்களும் உள. ஆதலால், கையும் கோவையும் ஒன்றையொன்று பொய்யாக்காமல் இருத்தல் வேண்டும்.

இங்கேதான் எமது பிழை வருகிறது. நாமும் எம்முடன் பயிலும் தோழர் இருவருமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் பிற்பகலில் உயர்தர மாணவர் சிலருக்குச் சித்திரம் சொல்லிக் கொடுத்து வந்தோம். காசு வாங்கவில்லை, ஆனாற் புகழை விரும்பினோம். “எங்கள் வகுப்பிலிருந்து இத்தனை பேர் எடுபட்டனர்” என்று சொல்லிக்கொள்ளும் ஆசை எமக்குள் இருந்தது. அவ்வகுப்புக்கு வந்தவர்களுள் ஒரு மாணவி இருந்தாள். பேச்சுக் குறைவு, கை வேகமானது. அவள் பதினெட்டுத் தாள்கள் கொண்ட கோவையொன்றை ஆயத்தம் செய்தாள். ஆயத்தம் செய்தாள் என்பது பாதி உண்மை. மூக்கு நுனி சரியில்லை என்று நாம் தொட்டோம். குடத்தின் விளிம்பு கோணல் என்று தோழர் ஒருவர் தொட்டார். நிழலை இன்னும் கறுப்பாக்கினால் எடுப்பாக இருக்கும் என்று மற்றவர் தொட்டார். கடைசியிற் கோவை மிக அழகாக இருந்தது. பார்த்தவரெல்லாம் வியந்தனர். நாமும் வியந்தோம்.

நேர்முகத்துக்குப் போன இடத்தில் அவள் முன்னே ஒரு மண்சட்டியையும் ஒரு செங்கல்லையும் மடித்த துணியொன்றையும் வைத்து, வரைக என்றனர். ஒரு மணித்தியாலம். கோவையிலே கண்ட கை அங்கே வரவில்லை. திரும்பி வந்தவள் அழவில்லை. எம்மைக் குறை சொல்லவுமில்லை. அவள் சொன்ன வார்த்தையை அவள் மொழியிலேயே சொல்கிறோம்.

“அண்ணை, கோவையிலை கிடந்தது உங்கட கை. அங்கை கொண்டு போனது என்ரை கை. ரெண்டையும் அவையள் பக்கத்திலை பக்கத்திலை வைச்சுப் பாத்திட்டினம்.”

அன்பர்களே, அன்றிரவு எமக்கு நித்திரை வரவில்லை. உதவி என்று எண்ணிச் செய்தது திருட்டாக முடிந்தது. அவளிடமிருந்து ஓராண்டைத் திருடினோம். அதனிலும் பெரிதாக, தன் கையில் அவள் வைத்திருந்த நம்பிக்கையைத் திருடினோம்.

சில வாரங்களின் பின் அவள் தனது பொருளியற் கொப்பியை ஒருநாள் மறந்து விட்டுச் சென்றாள். பெயரைப் பார்க்கத் திறந்தோம். பின்பக்கங்கள் முழுவதும் படங்கள். பனங்கிழங்கு கிழிக்கும் அம்மம்மாவின் கைகள். நரம்பு எழுந்து, பெருவிரல் நகம் பிளந்த கைகள். படலையிற் சாத்திய சைக்கிள். வெயிலுக்கு ஒதுங்கி வேலியோரம் படுத்திருக்கும் ஆடு. பஸ்ஸிலே தூங்கி விழும் ஒரு மனிதர். குமிழ்முனைப் பேனாவாற் கீறியவை. அழித்துத் திருத்தியவை அல்ல. நாம் அவளுக்குத் தயாரித்துக் கொடுத்த பதினெட்டுத் தாள்களிலும் இல்லாத உயிர் அந்தக் கொப்பியில் இருந்தது. உண்மையான கோவை எம் கண்முன்னே கிடந்தது. நாம் பாடக் கொப்பியைப் பாழாக்கியவள் என்றே அவளை எண்ணியிருப்போம்.

இந்தப் பிழை எமக்கு மாத்திரம் உரியதன்று. எமது நாட்டுச் சித்திரக் கல்விக்கே பழகிய பிழை. நாம் படித்த காலத்திலும் சித்திரப் பாடமென்றால், கரும்பலகையில் ஆசிரியர் கீறும் பூச்சாடியை அப்படியே கொப்பியிற் பார்த்துக் கீறுவதுதான். யார் கூடுதலாக ஒத்திருக்கக் கீறினாரோ அவருக்கு முதற் பரிசு. ஆனால் இப்பழக்கத்தை மாற்ற முயன்றவர்களும் இம்மண்ணில் இருந்தனர். 1920களில் இலங்கையிற் சித்திர வித்தியாதரிசியாக இருந்த சாள்ஸ் பிரீகுறோவ் வின்சர் என்னும் ஆங்கிலேயர், பிள்ளைகள் தம் சூழலையும் தம் மரபையும் பார்த்து வரைய வேண்டும் என்று ஊக்கினார். அவரது பெயரால் 1938ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் ஓர் ஓவியக் கழகத்தை நிறுவினார் சித்திர வித்தியாதரிசி எஸ். ஆர். கனகசபை அவர்கள். ஆசிரியர்கள் ஒன்றுகூடி வரைந்து பழகவும் தம் படங்களைப் பிறர்க்குக் காட்டவும் அக்கழகம் இடம் கொடுத்தது. கற்பிப்பவர் தாமும் வரைபவராக இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அங்கே வேரூன்றியது.

அவ்வழியில் வந்தவர் அ. மாற்கு அவர்கள். 1933ஆம் ஆண்டிற் குருநகரிற் பிறந்து, கொழும்பிலே அரசினர் நுண்கலைக் கல்லூரியிற் பயின்று, பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிற் சித்திர ஆசிரியராகப் பணியாற்றியவர். 2000ஆம் ஆண்டில் மறைந்தார். அவரிடம் பயின்றோர் இன்று வெவ்வேறு பாணிகளில் வரைந்து வருகின்றனர் என்பதே அவ்வாசிரியருக்குச் சிறந்த நற்சான்று. ஆசிரியரின் நிழலாக மாணவர் ஆகிவிட்டால், அங்கே கற்பித்தல் நடக்கவில்லை; பிரதி எடுத்தல் நடந்திருக்கிறது. கடல் கடந்த உதாரணமும் உண்டு. 1919ஆம் ஆண்டிற் தாகூரின் சாந்திநிகேதனத்திற் தொடங்கிய கலாபவனத்தில், நந்தலால் போஸ் தம் மாணவரை அறைக்குள் அடைத்து வைக்கவில்லை. மரத்தடிக்கும் அயற் கிராமத்துக்கும் அனுப்பினார். அவரே 1938ஆம் ஆண்டில் ஹரிபுரக் காங்கிரஸ் மகாநாட்டுக்காக வரைந்த படங்களிற் தேவர்களும் அரசர்களும் முன்னிற்கவில்லை. மத்தளம் அடிப்பவர், செருப்புத் தைப்பவர், உரலில் இடிக்கும் பெண் என்று நாளும் காணும் மனிதரே நின்றனர். அம்மம்மாவின் கை கோவைக்கு ஏற்றதா என்று ஐயுறும் மாணவர்க்கு இதுவே மறுமொழி.

இனி, கோவையை அடுக்கும் முறைக்கு வருவோம். இதை எமது தோல்வியிலிருந்து கற்ற பாடமாகவே ஏற்றுக்கொள்க.

முதலாவது, தொகை. ஐம்பது தாள் வேண்டியதில்லை. கேட்கும் இடம் தொகை குறித்திருந்தால் அதையே பின்பற்றுக. குறிக்காவிடிற் பதினைந்து முதல் இருபது வரை போதும். பலவீனமான ஒரு தாள், பலமான ஐந்து தாள்களின் மதிப்பைக் குறைத்துவிடும்.

இரண்டாவது, வகை. பாதிக்குக் குறையாமல் நேரே பார்த்து வரைந்தவையாக இருக்கட்டும். புகைப்படத்தைப் பார்த்தல் வேறு. பொருளைப் பார்த்தல் வேறு. புகைப்படம் முன்பே ஒரு கண்ணாற் பார்த்து முடித்த காட்சி. அதிலே உமது கண்ணுக்கு வேலை குறைவு. அடுக்களைப் பாத்திரங்கள், கிணற்றடி, துலா, கிடுகு வேலி, திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறிக் குவியல், குருநகர்க் கரையிற் காயும் வலை இவற்றுள் எதுவும் தாழ்ந்ததன்று. மனித உருவம் சில, நினைவிலிருந்து வரைந்தவை சில, வர்ணம் தீட்டியவை சில, வடிவமைப்பு இரண்டு மூன்று என்று மற்றப் பாதி அமையலாம். களிமண்ணிலோ மரத்திலோ செய்த உருவிருந்தால், நிழலான இடத்திற் பகல் வெளிச்சத்திற் படம் பிடித்துச் சேர்க்கலாம்.

மூன்றாவது, முயற்சிக் கொப்பி. இதைப் பலரும் ஒளித்து வைக்கின்றனர். முடிந்த படத்தை விட, அதற்கு முன் நடந்த நாலைந்து தவறிய முயற்சிகளிலேதான் மாணவரின் சிந்தனை தெரியும். ஒரு படத்துக்காவது அதன் முதல் முயற்சிகளைக் கூடவே வைத்தல் நன்று. பாடக் கொப்பியின் பின்பக்கமானாலும் வெட்கப்படத் தேவையில்லை.

நான்காவது, பிரதி. பார்த்து வரைதல் குற்றமன்று, மறைத்தலே குற்றம். வின்சன்ற் வான்கோ 1880ஆம் ஆண்டில், தமது 27ஆம் வயதில் ஓவியராவதென்று துணிந்தபோது, சாள்ஸ் பார்க் என்பவரின் பயிற்சித் தாள்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து வரைந்தே கையைப் பழக்கினார். கோயிற் தேரின் மரவேலையையோ வாகனத்தின் முகத்தையோ பார்த்து வரைந்தால், இன்ன கோயிலில் இன்ன நாள் பார்த்து வரைந்தது என்று கீழே எழுதுக. இக்காலத்திற் கைபேசியில் ஒரு சொல்லைக் கொடுத்தால் ஒரு படத்தையே செய்து தரும் இயந்திர அறிவும் வந்துவிட்டது. அதை எடுத்துத் தன் பெயரிட்டு வைப்பவர், நாம் செய்த பிழையையே தாமாகச் செய்துகொள்கிறார். எம்மிடமாவது மூன்று கைகள் கலந்தன. அங்கே கையே இல்லை.

ஐந்தாவது, ஒழுங்கு. நன்கு அமைந்த படம் முதலில்; அதற்கு அடுத்தது முடிவில். ஒவ்வொரு தாளின் பின்புறத்திலும் திகதியையும், எடுத்துக்கொண்ட நேரத்தையும், உபயோகித்த பொருளையும் எழுதுக. நேர்முகத்தில், “இதை ஏன் வரைந்தீர்?” என்று கேட்பர். “சேர் சொன்னார்” என்று சொல்லாமல் இருப்பதற்கு ஒரே வழி, சேர் சொல்லாததை வரைந்திருப்பதே.

பெற்றோர் செலவை எண்ணி அஞ்சுவர். அஞ்ச வேண்டாம். மை வர்ணங்களும் தடித்த கடதாசியும் விலையேறிவிட்டன; 2022ஆம் ஆண்டிற் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைச் சோதனைகளே பிற்போடப்பட்டன என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும் 2B, 4B, 6B என்னும் மூன்று பென்சில்களும் ஒரு சீவும் கத்தியும் இருந்தால் ஓராண்டுப் பயிற்சி நடக்கும். பழைய நாட்காட்டியின் பின்பக்கம் நல்ல கடதாசி. மெல்லிய குச்சிகளைப் பால்மா ரின்னில் நெருக்கி அடுக்கி, மூடியிற் சிறு துளையிட்டு இறுக மூடி, அடுப்புத் தணலில் வைத்தாற், காற்றுப் புகாமற் கரிந்து வரைகரி ஆகும். புகை நின்றபின் எடுத்து, முற்றாக ஆறிய பின்பே திறத்தல் வேண்டும். கோவைக்கென்று சேரும் கடைசித் தாள்களுக்கு மாத்திரம் நல்ல கடதாசி வாங்குக. அளவு குறிக்காவிடில் A3, அதாவது 297க்கு 420 மில்லிமீற்றர், பஸ்ஸிற் கொண்டு போக வசதி. இரண்டு மூன்று தாள் மாத்திரம் அதனின் இரட்டிப்பாகிய A2 அளவில் இருக்கலாம்.

பாதுகாப்பும் முக்கியம். கோவையைச் சுருட்டக் கூடாது. இரண்டு மட்டைகளுக்கு இடையே தட்டையாக வைத்துக் கட்டுக. கரியால் வரைந்தவற்றின் மேல் மெல்லிய தாள் இடுக. நிலத்தில் வைத்தாற் கறையான். சுவரோரம் வைத்தால் மாரியில் ஈரம். எம் ஊருக்கு இதனிலும் பெரிய இழப்புகள் தெரியும். 1981ஆம் ஆண்டில் எரிந்த பொது நூலகத்தையும், 1995ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஒரே இரவிற் கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்த மக்களையும் பெரியோர்களாகிய நீங்கள் கண்டிருக்கிறீர்கள். எத்தனை வீடுகளில் எத்தனை படங்கள் அன்று விடப்பட்டன என்பதற்குக் கணக்கில்லை. ஆகையால், ஒவ்வொரு படத்தையும் கைபேசியிற் பிடித்து வேறோரிடத்திலும் சேமித்து வைக்குமாறு இளையோரைக் கேட்டுக்கொள்கிறோம். இயந்திரம் செய்யக்கூடிய நல்ல பணி இது.

இனிப் பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். “படம் கீறி வயிறு நிரம்புமோ?” என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. சித்திரம் படித்தவர் எல்லாருக்கும் வேலை நிச்சயம் என்று நாம் பொய் சொல்ல மாட்டோம். மற்ற எந்தப் படிப்புக்கும் இன்று அந்த நிச்சயம் இல்லை. ஆனாற் பாடசாலைகளுக்குச் சித்திர ஆசிரியர் வேண்டும். அச்சகத்துக்கும் துணிக்கும் பொருட்களுக்கும் வடிவமைப்போர் வேண்டும். திரைப்படத்துக்கும் மேடைக்கும் வேண்டும். அதற்கும் மேலாக ஒன்று. எமது ஊர் பட்ட பாட்டை எழுத்திற் சொன்னவர் பலர். கோட்டிலும் வர்ணத்திலும் சொன்னவர் சிலரே. போரில் இழந்த வீடுகளின் வரைபடங்களை உரியவர்களின் நினைவிலிருந்து பெற்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ஓவியர் தா. சனாதனன் அவர்கள் 2011ஆம் ஆண்டில் ஒரு நூலாக்கினார். வீடு போன பின்னும் அதன் வாசல் எங்கே இருந்தது என்பதைக் கோடு சொல்லியது. இத்தொண்டைச் செய்யப் பிள்ளைகள் வேண்டாமா?

உங்கள் பிள்ளை எடுபடாமற் போனால் ஏச வேண்டாம். ஒகுஸ்த் ரொடான் என்னும் பிரான்சு தேசத்துச் சிற்பியைப் பரிசு மாநகரின் கலைக் கல்லூரி இளமையில் மூன்று முறை சேர்க்க மறுத்தது. கல்லூரி மறுத்தது, அவர் கையோ நிற்கவில்லை. மறுக்கப்பட்டது தன் கை என்றால் அதைத் திருத்திக்கொண்டு மறுபடி போகலாம். மறுக்கப்பட்டது பிறர் கை என்றால் மாணவர் எதைத் திருத்துவார்?

அந்த மாணவியைப் பற்றிச் சொல்லி அமைகிறோம். நாம் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். வயதிற் குறைந்தவளிடம் மன்னிப்புக் கேட்க நாக்கு எழவில்லை, கேட்டோம். அவள் சிரித்துவிட்டு, “அப்ப இனிப் பென்சிலைத் தொட மாட்டியளோ அண்ணை?” என்றாள். மாட்டோம் என்றோம். அன்றுமுதல் எமது வகுப்பில் ஒரு விதி உண்டு. கற்பிப்பவர் மாணவரின் தாளிற் கை வைக்கலாகாது. சொல்லவேண்டியதை வாயாற் சொல்லலாம். அல்லது பக்கத்திலே வேறு தாளை வைத்துக் காட்டலாம். எமக்கு இது கடினமாகவே இருக்கிறது. கோணல் கோட்டைக் கண்டால் விரல் துடிக்கிறது. கைகளைப் பின்னாற் கட்டிக்கொண்டு நிற்கிறோம்.

அவள் இவ்வாண்டு மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறாள். கோவையிற் பதினாறு தாள்கள். முதலாவது, அம்மம்மாவின் கைகள். பெருவிரல் சற்றுப் பெரிதாக விழுந்துவிட்டது, அவளுக்கும் தெரியும், அப்படியே இருக்கட்டும் என்றாள். முடிவு இன்னும் வரவில்லை. எடுபட்டால் அது அவளுடைய வெற்றி. எடுபடாவிட்டாலும் அந்தப் பதினாறு தாள்கள் அவளுடையவை. அவற்றை யாரும் அவளிடமிருந்து எடுக்க முடியாது, நாம் உட்பட.